'கட்' என்னும் சொல் வந்த வழி

இயேசு கழுதைமேல் அமர்ந்து எருசலேமுக்குள் நுழையும் காட்சி மத்தேயு நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் வருகிறது. கூட்டத்தில் சிலர் மேலாடைகளை வழியில் விரிக்கிறார்கள். வேறு சிலர் மரக்கிளைகளைத் தறித்துப் பரப்புகிறார்கள். இந்த ஒரு வசனத்தை ஆங்கிலத்தின் மூன்று காலத்து மொழிபெயர்ப்புகளில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு சொல்லின் வரலாறு தெரியவரும். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மேற்கு சாக்சன் நற்செய்தியில் கிளைகளை வெட்டிய செயலுக்கு 'ஹேயொவுன்' என்ற வினை நிற்கிறது. இன்று 'ஹியூ' என்று வழங்கும் வினையின் பழைய இறந்தகால வடிவம் அது. 1380களில் ஜான் விக்ளிஃபின் வட்டத்தினர் செய்த மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'கிட்டிடென்' என்று வருகிறது. 1526-இல் வில்லியம் டிண்டேல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலும், 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் அது 'கட்'.

முதல் மொழிபெயர்ப்பைச் செய்தவருக்கு 'கட்' என்றொரு சொல் தெரிந்திருந்தது என்பதற்குத் தடயமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் நமக்கு எஞ்சியிருக்கும் எழுத்து முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 லட்சம் சொற்கள் தேறும். அவற்றுள் ஓரிடத்தில்கூட இந்த வினை காணப்படவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதன்முதலாகக் கையெழுத்துப் படிகளில் தலைகாட்டுகிறது. அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் சமையலறை, வயல், போர்க்களம் என எங்கும் அதுவே. ஆங்கிலம் பேசும் குழந்தை மிக இளமையில் கற்றுக்கொள்ளும் வினைகளில் ஒன்றின் பூர்வீகம் குறித்து இன்றைய பெரிய அகராதிகளும் 'இருக்கலாம்' என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. அந்த மௌனத்துக்குக் காரணம் சொல்லிடம் இல்லை, இங்கிலாந்தில் யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்பதில் இருக்கிறது என்பதே என் எண்ணம். அதற்கான சான்றுகளைப் பார்ப்போம்.

'கட்' வருவதற்கு முன்பு ஆங்கிலத்தில் வெட்டும் வினைகளுக்குப் பஞ்சம் இல்லை. கோடரியோ வாளோ ஓங்கி இறங்கினால் 'ஹேயவன்'. கத்தியால் அறுத்தால், செதுக்கினால் 'செயொர்வன்'. கீறினாலும் அறுத்தாலும் 'ஸ்னீதன்'. மயிர், புல், கதிர் போன்றவற்றைக் கத்தரித்தால் 'ஷெரன்'. எல்லைகள் ஒன்றோடொன்று கலந்தவைதாம். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்த நிலம் இருந்தது.

இவற்றில் 'செயொர்வன்' வழிவந்ததே இன்றைய 'கார்வ்'. அதன் கிரேக்க உறவு 'கிராஃபெயின்'. முதலில் கீறுவதைக் குறித்து, பின்னால் எழுதுவதைக் குறித்த வினை அது. கிராமர், கிராஃப், போட்டோகிராபி எல்லாம் அதன் பிள்ளைகள். கிரேக்கத்தின் 'க' ஒலி ஜெர்மானிய மொழிகளில் வல்லின 'க்' ஆவது ஒழுங்கான ஒலிமாற்றம். அதனால் இந்த உறவில் ஐயம் இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதல் ஒலி 'ச'. குடியானவனைக் குறித்த 'செயொர்ல்' பிற்காலத்தில் 'சர்ல்' ஆனதுபோல இதுவும் இன்று 'சார்வ்' என்றுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதன் இறந்தகால வடிவங்களான 'குர்வொன்', 'கொர்வென்' இரண்டிலும் 'க' ஒலியே இருந்தது. அவை நிகழ்காலத்தையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டன. சொல்லின் உள்ளேயே நடந்த இந்த இழுபறியின் தழும்புதான் 'கார்வ்' என்பதன் முதலெழுத்து.

'ஷெரன்' குடும்பம் இன்னும் பெரியது. ஆட்டின் மயிரைக் கத்தரிக்கும் 'ஷியர்', பங்கு என்னும் 'ஷேர்', வெட்டிக் குறுக்கப்பட்ட 'ஷார்ட்', குறுகிய ஆடையான 'ஷர்ட்' எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. அந்த ஆடையின் ஸ்காண்டிநேவிய உருவம்தான் 'ஸ்கர்ட்'. கணக்குக் கோலில் இட்ட வெட்டுக்குறி 'ஸ்கோர்' ஆயிற்று. இருபதுக்கு ஒரு குறி என்பதால் அச்சொல்லுக்கு இருபது என்ற பொருளும் சேர்ந்தது. இதே இந்தோ-ஐரோப்பிய வேரின் சமஸ்கிருதக் கிளையில் வெட்டுதலைக் குறிக்கும் 'க்ருத்' என்ற வினைப்பகுதியும் 'கர்த்தரீ' என்ற பெயரும் இருக்கின்றன. நம் கத்தரி அங்கிருந்து வந்தது என்று கொள்பவர் உண்டு. அது சரியானால், தையற்கடையில் கத்தரியும் ஷர்ட்டும் தூரத்து உறவினர்கள்.

'ஸ்னீதன்' கதைதான் மனத்தை உறுத்துகிறது. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான 'ஷ்னைடன்' இன்றும் வெட்டுவதற்கான பொதுச் சொல். தையற்காரர் அங்கே 'ஷ்னைடர்'. ஆங்கிலத்திலோ அது வட்டார வழக்குகளுக்குள் ஒதுங்கிவிட்டது. லிங்கன்ஷயர் பகுதியில் உடலை ஊடுருவும் கடுங்குளிர் காற்றை 'ஸ்னைத்' காற்று என்று சொல்வதை 17-ஆம் நூற்றாண்டுச் சொல் தொகுப்பாளர்கள் குறித்து வைத்தார்கள். இன்று படித்த ஆங்கிலேயருக்கும் அச்சொல் விளங்காது. மற்ற வினைகளும் சுருங்கின. 'கார்வ்' விருந்து மேசை இறைச்சியோடும் சிற்பியின் கல்லோடும் மரத்தோடும் நின்றுகொண்டது. 'ஷியர்' ஆட்டுப் பட்டிக்குப் போயிற்று. 'ஹியூ' பெரும்பாலும் ஏட்டு வழக்காயிற்று. நடுவில் இருந்த பரந்த நிலம் முழுவதும் 'கட்' வசமாயிற்று.

எங்கிருந்து வந்தது அது? சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியில் பிரெஞ்சில் கத்தியைக் குறிக்கும் 'கூத்தோ'வைக் கைகாட்டினார். பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றும் வழி; ஆனால் ஒலி இடம் தரவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லை 'கூத்தெல்' என்று இறுதியில் 'ல்' ஒலிக்கவே சொன்னார்கள். லத்தீன் 'குல்த்தெல்லுஸ்' வழிவந்த சொல் அது. அக்காலத்தில் கடன் வாங்கியிருந்தால் அந்த 'ல்' ஆங்கிலத்திலும் தங்கியிருக்கும். தங்கிய சொற்கள் உண்டு: கத்தி செய்பவர் 'கட்லர்', அவர் சரக்கு 'கட்லரி', மாலுமியின் குறுவாள் 'கட்லஸ்'. மூன்றும் பிரெஞ்சுக் கத்தியின் வாரிசுகள். 'கட்' என்ற வினையோடு அவற்றுக்குப் பிறப்புறவு இல்லை. பக்கத்தில் குடிவந்த பிறகு ஏற்பட்ட பழக்கமே. நம் ஊர் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கட்லெட்டுக்கு இருவரோடும் உறவு இல்லை. விலா எலும்பைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் சிறுவடிவமான 'கொத்லெத்' அது. ஆதியில் விலாவோடு கூடிய இறைச்சித் துண்டு.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு கேள்வி எழும். 'கத்தி'யும் 'கட்'டும் ஒலியில் இவ்வளவு நெருங்கியிருக்க, ஏன் ஒன்றாக இருக்கக்கூடாது? அப்படி ஒரு கருத்து மேடைகளில் அவ்வப்போது கேட்கவும் கிடைக்கிறது. ஜான்சனை வழுக்கவைத்த அதே இடம் இது. இரு சொற்கள் உறவு என்று நிறுவ ஒலி ஒப்புமை போதாது. ஒரு மொழியின் 'த்த்' இன்னொன்றில் 'ட்' ஆவது வேறு பல சொற்களிலும் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். இரு மக்களும் சந்தித்த காலமும் இடமும் வேண்டும். 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உழவனுக்கும் நமக்கும் இடையே அப்படி ஒரு பாலம் கிடையாது. கத்தி நம் திராவிடச் சொல்லாக இருப்பதே அதற்குப் போதிய பெருமை.

சரியான தடயம் உயிரெழுத்தில் இருக்கிறது. இடைக்கால ஆங்கிலப் படிகளில் இந்த வினை மூன்று உருவங்களில் வருகிறது: 'குட்டென்', 'கிட்டென்', 'கெட்டென்'. எழுதியவர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பழைய ஆங்கிலத்தில் உதட்டைக் குவித்து 'இ' சொல்வதுபோன்ற ஓர் உயிரொலி இருந்தது. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் இன்றும் கேட்கலாம். தமிழ் எழுத்தில் அதைச் சரியாகக் காட்ட வழியில்லை. 'யு' என்று குறித்துக்கொள்வோம். அந்த ஒலி மேற்கு வட்டாரங்களில் 'உ' என்று எழுதப்பட்டது, வடக்கிலும் கிழக்கு மத்தியப் பகுதிகளிலும் 'இ' ஆனது, தென்கிழக்கில் கென்ட் பக்கம் 'எ' ஆனது. இன்றைய ஆங்கிலத்தின் விநோத எழுத்துக்கூட்டு சிலவற்றுக்கு இதுவே காரணம். புதைப்பதற்கான 'பெரி'யை மேற்கு வழக்கில் 'உ' போட்டு எழுதுகிறார்கள், கென்ட் வழக்கில் 'எ' என்று உச்சரிக்கிறார்கள். வேலையாக இருப்பதைச் சொல்லும் 'பிஸி'க்கு எழுத்து மேற்கிலிருந்து, ஒலி வடக்கிலிருந்து.

இனி 'ஷட்' என்ற வினையைப் பக்கத்தில் வையுங்கள். கதவை மூடுவதற்கான அந்தச் சொல்லும் இடைக்காலத்தில் 'ஷுட்டென்', 'ஷிட்டென்', 'ஷெட்டென்' என்று மூன்றாகத்தான் திரிந்தது. அதன் பழைய வடிவம் நமக்குத் தெரியும்: 'ஷ்யுட்டன்'. பத்தாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கும் சொல் அது. அப்படியானால் குட்டென், கிட்டென், கெட்டென் மூன்றுக்கும் பின்னால் 'க்யுட்டன்' என்று ஒரு பழைய வினை இருந்திருக்க வேண்டும். எந்தக் கையெழுத்துப் படியிலும் இல்லாத சொல்லை அதன் பேரப்பிள்ளைகளின் முகச்சாயலிலிருந்து மீட்டெடுக்கிறார்கள் மொழியியலாளர்கள். விக்ளிஃப் வட்டத்தாரின் 'கிட்டிடென்' இந்தச் சான்றுக் கோவையில் ஒரு கண்ணி. இன்று உலகம் முழுதும் சொல்லும் 'கட்' மேற்கு வட்டார வடிவத்தோடு ஒத்துப்போகிறது, 'ஷட்' போலவே.

இந்தத் தடயத்தோடு இணைத்துப் பார்க்கப்படுவது ஸ்காண்டிநேவியா. ஐஸ்லாந்து மொழியில் 'குத்தி' என்றால் சிறுகத்தி. ஸ்வீடிஷ் வட்டார வழக்கில் 'குத்தா' என்பது கத்தியாகவும் வெட்டும் வினையாகவும் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து டேனியரும் நார்வேயரும் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி உழுதார்கள், பெண் எடுத்தார்கள், பேசினார்கள். ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்கள் பல அவர்கள் கொடுத்தவை: எக், ஸ்கின், ஸ்கை, விண்டோ, டேக், தே. கத்திக்கான 'நைஃப்' அவர்களுடையதே. ஆங்கிலேயரின் பழைய கத்தி 'செயாக்ஸ்'. சாக்சன்கள் என்ற இனப்பெயரே அந்தக் கத்தியிலிருந்து வந்தது என்பார்கள். தம் இனத்துக்கே பெயர் தந்த கத்தியின் பெயரை விட்டுவிட்டு வந்தேறியின் கத்திப்பெயரை எடுத்துக்கொண்ட மக்கள், அந்தக் கத்தி செய்யும் வேலையின் பெயரையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

நான் சாய்வது சற்று வேறு பக்கம். பழைய ஆங்கிலத்தில் எஞ்சியவற்றுள் பெரும்பகுதி மடங்களில் துறவிகள் எழுதியது. அதிலும் மிகுதி மேற்கு சாக்சன் வழக்கு. மறையுரை, புனிதர் வரலாறு, நிலப்பட்டயம், சட்டம், மருத்துவக் குறிப்பு. வைக்கோல் வெட்டுபவனும் பாலாடைக்கட்டி நறுக்குபவளும் தமக்குள் பேசியது அந்தத் தோலேடுகளுக்குள் வர வாய்ப்பே இல்லை. 1066-இல் நார்மானியர் நாட்டைப் பிடித்த பிறகு லத்தீனும் பிரெஞ்சும் எழுத்தின் இடத்தை நிரப்பின. ஆங்கிலத்தில் நடந்துவந்த பீட்டர்பரோ ஆண்டேடும் 1154-ஆம் ஆண்டுக் குறிப்போடு நின்றது. 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் மறுபடி பரவலாக எழுதப்பட்டபோது பழைய இலக்கிய நெறி உடைந்துபோயிருந்தது. ஒவ்வொருவரும் தம் ஊர் பேசுவதுபோல எழுதினார்கள். அப்போதுதான் தரையடியில் ஓடிக்கொண்டிருந்த சொற்கள் மேலே வருகின்றன. 'கட்' மட்டுமா? பாய், கேர்ள், பிக், பேட் ஆகியவையும் அந்தக் காலகட்டத்தில் திடீரென எழுத்துக்கு வந்து, பூர்வீகம் தெளிவாகாமல் நிற்பவை. இவற்றில் எதுவும் அரசவைச் சொல் இல்லை. வீட்டிலும் முற்றத்திலும் வழங்கிய சொற்கள். ஆகவே 'க்யுட்டன்' வடபுலத்தார் தந்ததானாலும் சொந்த மண்ணில் முளைத்ததானாலும், எழுத்தில் தெரிவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே உழவர் வாயில் புழங்கியது என்றே கொள்ளலாம். அந்த உயிரொலியின் பழமை அதைத்தான் சொல்கிறது.

'டாக்' இதற்கு நல்ல துணைச்சான்று. நாய்க்கு அன்றைய எழுத்துச் சொல் 'ஹுண்ட்'. ஆனால் புருடென்டியுஸ் என்ற லத்தீன் கவிஞரின் நூலைப் படித்த ஒருவர் நாய்களைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்கு 'டொக்கா' என்ற சொல்லின் வடிவத்தைப் பொருளாகக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு தப்பிப் பிழைத்ததால் 'டாக்' என்ற சொல் பழைய ஆங்கிலத்திலேயே உயிரோடிருந்தது என்று அறிகிறோம். 'கட்'டுக்கு அப்படி ஒரு கை எழுதவில்லை.

எழுத்துக்கு வந்த பிறகு அது எவ்வளவு விரைவில் வேரூன்றியது என்பதைக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகள் முன்னுரையில் பார்க்கலாம். சதர்க் பகுதியின் டபார்ட் விடுதியிலிருந்து புறப்பட்ட பயணிகளில் யார் முதலில் கதை சொல்வது என்று முடிவுசெய்ய, விடுதிக்காரர் ஹாரி பெய்லி எல்லோரையும் சீட்டு எடுக்கச் சொல்கிறார். நீளம் வேறுபட்ட துண்டுகளை மறைத்துப் பிடித்து எடுக்கச் சொல்லும் வழக்கம் அது. குட்டையான துண்டு யாருக்கு வருகிறதோ அவர் தொடங்க வேண்டும். பயணிகளில் ஒருவரான போர்வீரருக்கு அது விழுகிறது. அந்தத் துண்டுக்கு சாசர் இடும் பெயர் 'கட்'. இந்தப் பெயர்ச்சொல்லும் வெட்டும் வினையும் ஒரே வேரா என்பதில் அறிஞர்களிடையே தயக்கம் உண்டு. ஆனால் 14-ஆம் நூற்றாண்டு வாசகர் காதில் இரண்டும் ஒன்றாகவே ஒலித்திருக்கும்.

இத்தனை வினைகளை ஒதுக்கி இந்த ஒரு சொல் வென்றது ஏன்? விடையை அதன் பொருளில் தேட வேண்டும். ஹேயவனில் ஓங்கும் கை இருக்கிறது. ஷெரனில் மயிரோ கதிரோ இருக்கிறது. 'கட்' கருவியைக் கேட்பதில்லை, பொருளைக் கேட்பதில்லை. கூரான விளிம்பு ஒன்று நினைத்த இடத்தில் பிரிக்க வேண்டும், அவ்வளவே. கிங் ஜேம்ஸ் பைபிளில் கிளைகளை வெட்டியதற்கும், கெத்செமனேயில் பேதுரு தலைமைக் குருவின் ஊழியனுடைய காதை அறுத்ததற்கும் வினை ஒன்றுதான்.

'நினைத்த இடத்தில்' என்பதுதான் இங்கே மையம். நெதர்லாந்தின் நைமெகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் ஆசிஃபா மஜீத், மெலிசா பவர்மன் ஆகியோர் முன்னின்று நடத்திய ஆய்வொன்று உண்டு. கேரட்டை நறுக்குவது, துணியைக் கிழிப்பது, குச்சியை ஒடிப்பது, தட்டைச் சுத்தியலால் நொறுக்குவது போன்ற 61 சிறு காணொளிகளை 28 மொழிகளைப் பேசுபவர்களுக்குக் காட்டி, என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார்கள். மொழிக்கு மொழி வினைகளின் எண்ணிக்கை மாறியது, எல்லைகள் மாறின. ஆனால் அடியில் ஓர் ஒற்றுமை தெரிந்தது: பிரியப்போகும் இடத்தை எவ்வளவு துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பதைப் பொறுத்தே மொழிகள் வெட்டுவதையும் உடைப்பதையும் பிரிக்கின்றன. கத்தி வைத்த இடத்தில் கேரட் பிரியும். சுத்தியல் அடித்தால் தட்டு எங்கே பிளக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த ஆய்வில் தமிழும் இருந்தது. புவனா நரசிம்மன் இந்தியையும் தமிழையும் ஒப்பிட்டு 2007-இல் எழுதினார். ஆங்கிலம் ஒரே வினையால் முடிக்கும் நிலப்பரப்பைத் தமிழ் இன்னும் பல பாத்திகளாக வைத்திருக்கிறது. இலக்கணத்திலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் கயிற்றை ஒருவர் 'கட்' செய்யலாம். கயிறு தானாக 'கட்' ஆனது என்று சொன்னால் இலக்கணம் ஏற்காது. அந்த வினைக்குள் வெட்டுபவரும் விளிம்பும் எப்போதும் இருந்தாக வேண்டும். தமிழில் 'அறுத்தான்' என்றால் ஆள் உண்டு. 'அறுந்தது' என்றால் கயிறு மட்டும் போதும். 'வெட்டு'க்கோ அப்படி ஓர் இணை கிடையாது. ஒரே மொழிக்குள் ஒரு வினை இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம்.

கருவியைக் கேட்காத சொல் கருவியே இல்லாத இடங்களுக்கும் போவது இயல்பு. 16-ஆம் நூற்றாண்டில் சீட்டுக்கட்டைப் பிரித்து வைப்பது 'கட்' ஆயிற்று. அடுத்த நூற்றாண்டில் தெரிந்தவரைத் தெரியாதவர்போலக் கடந்துபோவது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுப்புக்குப் போகாமலிருப்பது. சினிமா வந்தபோது மீண்டும் உண்மையான விளிம்பு கிடைத்தது. படத்தொகுப்பாளர்கள் பிலிம் சுருளைக் கத்தரியால் வெட்டிப் பசையால் ஒட்டினார்கள். 1970களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மோட்டும் கணினித் திரையில் எழுத்தை எடுத்து வேறிடத்தில் வைக்கும் முறையை உருவாக்கியபோது, கைப்பிரதிகளைக் கத்தரித்து ஒட்டும் அச்சகப் பழக்கத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். திறந்த கத்தரிபோலத் தோன்றும் எக்ஸ் எழுத்து அந்தக் கட்டளைக்குரிய விசையானது.

தமிழுக்குள் இச்சொல் வந்த வழி கவனிக்கத்தக்கது. கரண்ட் கட், போன் கட், சம்பளத்தில் கட், கிளாஸ் கட், ஷூட்டிங்கில் இயக்குநர் சொல்லும் கட். ஏறக்குறைய எல்லாமே விளிம்பு இல்லாத வெட்டு. முடிதிருத்தகத்தின் 'கட்டிங்' தவிர, கத்தி படும் இடங்களை நம் வினைகளே நெடுங்காலம் காத்துவந்தன. ஓலையைச் சீவினார்கள், கிளையைத் தறித்தார்கள், நெல்லை அறுத்தார்கள், பூவைக் கொய்தார்கள், துணியைக் கத்தரித்தார்கள், கீரையை அரிந்தார்கள், வெங்காயத்தை நறுக்கினார்கள்.

இப்போது அந்தக் கோடு நகர்கிறது. நகரத்துச் சமையலறைகளிலும் சமையல் காணொளிகளிலும் கீரை, வெங்காயம், மாங்காய் மூன்றும் ஒன்றுபோல 'கட்' பண்ணப்படுகின்றன. வெட்டும் அளவைச் சொல்ல அதோடு 'பொடியாக', 'நீளமாக' என்று அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கிறது. அரிவதற்கும் நறுக்குவதற்கும் உள்ள வேறுபாடு முன்பு வினைக்குள்ளேயே இருந்தது. அரிவாள்மணையில் உட்கார்ந்து கீரைக்கட்டை விளிம்பை நோக்கி நகர்த்திய கைக்கும், பலகையில் கத்தியை இறக்கும் கைக்கும் தனித்தனிச் சொல் வேண்டியிருந்தது. அரிவாள்மணை மறைந்த வீடுகளில் 'அரி' என்ற வினையும் முதலில் மறைகிறது. 'நறுக்கு' இன்னும் நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வீடுகளில் ஸ்னீதன் ஒடுங்கியதை எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை. நம் வீடுகளில் எந்த ஊரில், எந்தக் காய்க்கு, எந்த வயதினர் இன்னும் 'அரி' என்கிறார்கள் என்று கேட்டுத் தொகுக்க ஆட்களும் கருவிகளும் இருக்கின்றன. அரிவாள்மணையில் அமர்ந்த பாட்டிமார் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.